சத்தம் தானாக வராது

ஜெயபுரத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு, நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இன்றுவரை விளங்கப்படுத்த முடியவில்லை. இறந்தவர்களுக்கு இணையத்தில் நினைவுப் பக்கம் செய்து கொடுப்பதுதான் என் தொழில். ஒரு படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்ற விபரம், கீழே ஒரு பூ. அம்மா அயலவர்களிடம், "புள்ள கிளிநொச்சியில செத்த வீட்டு வேல பாக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, பந்தலும் கதிரையும் என்னிடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் வீடு தேடி வந்து கேட்டார்.

கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். அங்கே இருந்தபோதுதான் பிரான்சிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பேசியவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். பாரிசில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. பின்னால் பாத்திரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்த தகப்பன் இறந்துவிட்டார், முப்பத்தோராம் நாளுக்கு முன் பக்கம் வேண்டும் என்றார்.

"பக்கத்தைத் திறந்தவுடனே பாட்டு தானா வரவேணும் தங்கச்சி. ஒருத்தரும் ஒண்டையும் அமத்தக்கூடாது."

"அது ஏலாது அண்ணை. ஆக்கள் தொடாமல் சத்தம் வர பிரவுசர் விடாது."

"ஆர் விடாது?"

"பிரவுசர்."

"அவர் எங்க இருக்கிறார்? நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கட்டோ?"

பாத்திரச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு வெளியே வந்து நின்று கேட்டார். முன்பெல்லாம் கண்ட கண்ட பக்கங்கள் விளம்பரத்தை அலறவிட்டு ஆட்களைத் திடுக்கிட வைத்ததால், இப்போது பிரவுசர்கள் படத்தை மட்டும் தானாக ஓடவிடும், பார்ப்பவர் ஒருமுறை தொட்டால்தான் சத்தத்தை விடும் என்று சொன்னேன். "செத்த வீட்டுக்குமோ?" என்று கேட்டார். செத்த வீட்டுக்கும்தான் என்றேன்.

முதலில் நான் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு இருந்தது. அது என் எல்லாப் பக்கங்களிலும் இருப்பது, சுடர் அசையும்.

"தங்கச்சி, நாங்கள் வேதக்காரர்" என்றார்.

விளக்கை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டேன். சுடர் தனிப் படம் என்பதை மறந்துவிட்டேன். அது சிலுவைக்குக் கீழே தனியாக எரிந்துகொண்டிருந்தது. "இப்ப நல்லாயிருக்கு, மெழுகுதிரி வடிவாயிருக்கு" என்று செய்தி அனுப்பினார். அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகுதான் வீடியோவைப் பற்றிச் சொன்னார். தான் வெளிநாட்டுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் கடற்கரையில் தானே எடுத்தது. பழைய போன், அம்மாவிடம் இருக்கிறது.

"அதில அப்பா எனக்கு ஆசீர்வாதம் சொல்லுறார். அவற்ற குரல் இருக்கிறது அதில மட்டும்தான். அதைப் போட்டு, கீழ 'மகனுக்குத் தந்தையின் ஆசீர்வாதம்' எண்டு எழுதிவிடுங்கோ."

அடுத்த நாள் அவருடைய அம்மா பஸ் ஏறி வந்தார். படியேறி வந்து கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு, இரண்டு பைகளை மேசையில் வைத்தார். ஒன்றில் எனக்குக் கருவாடு. மற்றதில் போன். கருவாட்டுப் பையைப் பின்னால் கொண்டுபோய் வைக்கும்படி கொண்டக்டர் சொல்ல, இவர் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார். போனைத் துடைத்தேன். வாசனை போகவில்லை.

பற்றரி வீங்கி, பின் மூடி தானாகவே திறந்திருந்தது. அந்தப் போன் இனிமேல் எழும்பாது. ஆனால் உள்ளே இருந்த மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கணினியில் போட்டதும் வீடியோ இருப்பது தெரிந்தது. பக்கத்தில் ஏற்றித் திறந்து பார்த்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. வேறு பிரவுசரில் திறந்தேன். அதிலும் அதே கறுப்புப் பெட்டி.

"என்ன பிள்ளை, ஆளைக் காணேல்லை?"

"வீடியோ எண்டுறது ஒரு பெட்டி மாதிரி அம்மா. உள்ளுக்குப் படம் ஒரு பாசையில இருக்கும், சத்தம் இன்னொரு பாசையில இருக்கும். இது பழைய போன். இந்த இரண்டு பாசையும் இப்பத்தைய பிரவுசருக்கு விளங்காது."

அவர் தலையாட்டினார்.

"இவர் கதைக்கிறது ஊரிலயே கனபேருக்கு விளங்காது. பிரவுசருக்கு எப்பிடி விளங்கும்?"

புதிய பாசைக்கு மாற்றித் தரும் ஓர் இணையத்தளத்தில் வீடியோவைக் கொடுத்தேன். அது நெடுநேரம் எடுத்தது. அதற்குள் அந்த அம்மா என் அறையைக் கூட்டிவிட்டார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லவில்லை.

மாறி வந்த வீடியோவில் படம் இருந்தது. சத்தம் இல்லை. படத்தை மாற்றிய தளம், சத்தத்தின் பாசை தெரியாமல் அதைப் பேசாமல் கழித்துவிட்டது.

சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மெலிந்த மனிதர் கடற்கரையில் நிற்கிறார். பின்னால் ஒரு படகு. எங்களைப் பார்த்து ஏதோ சொல்கிறார். கையை நீட்டுகிறார். படம் ஒருமுறை குலுங்குகிறது. பிறகு அவர் பக்கவாட்டில் யாரையோ பார்த்து இன்னும் ஏதோ சொல்கிறார். அவ்வளவுதான்.

அந்த அம்மா அழுவார் என்று நினைத்து நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தேன். அவர் கதிரையைக் கணினிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவர் சத்தம் போடாமல் நிக்கிறதை நான் இப்பதான் முதல்முதல் பாக்கிறன்" என்றார்.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வாயசைவைப் பார்த்து, "சாப்பிட்டியோ எண்டு கேக்கிறார்" என்றார். அடுத்த தரம், "இல்லை, கவனமாப் போ எண்டுறார்" என்றார்.

"ஆசீர்வாதம் எண்டு அண்ணை சொன்னவர்."

மறுபடியும் பார்த்தார்.

"இருக்கும். ஆனால் ஆசீர்வாதம் சொல்லேக்க உப்பிடி ஆரும் கையை நீட்டமாட்டினம்."

அப்போது கரண்ட் போனது. கடைசி பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று அவர் புறப்பட்டுவிட்டார்.

மறுநாள் காலை, பழைய போன்களின் சத்தத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்தேன். அதை எழுதியவர்களே கைவிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆனாலும் வேலை செய்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் காற்று. முழுக்கக் காற்றுதான் போல என்று நினைத்தபோது காற்றுக்குள்ளிருந்து அவர் வந்தார்.

"காலை எடடா! வலையில ஏறி நிண்டுகொண்டு படம் பிடிக்கிறான்! எடு காலை!"

படம் குலுங்குவது அந்த இடத்தில்தான். மகன் காலை எடுத்துவிட்டார். பிறகு குரல் தணிந்து, பக்கத்தில் நின்ற யாருக்கோ:

"இவன் போனால் படகு தள்ள எனக்கு ஆர் இருக்கு?"

படத்தில் இல்லாத ஒரு பெண் குரல் சொன்னது: "நான் தள்ளுறன்."

"நீ தள்ளினாப் போலதான்."

கமராவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார். அது மகனாக இருக்கவேண்டும். அத்தோடு முடிகிறது.

ஹெட்போனைக் கழற்றினேன். கீழே கடையில் யாரோ சைக்கிள் பெல் ஒன்றை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய அம்மாவுக்கு அழைத்து, போனைக் கணினியின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டுக் காட்டினேன்.

"திருப்பிப் போடு பிள்ளை."

போட்டேன்.

"தள்ளினனான்தானே" என்றார். "சொன்னபடி தள்ளினனான். கடைசி வரைக்கும் நான்தானே தள்ளினது. அவர் ஒருநாளும் அதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"அண்ணைக்கு என்ன சொல்லுறது அம்மா? அவர் ஆசீர்வாதம் எண்டு போடச் சொன்னவர்."

"நீ ஒண்டும் சொல்லாதை. அவன் சொன்ன மாதிரியே போடு. தொட்டுக் கேட்டால் கேக்கட்டும்."

அப்படியே போட்டேன். பக்கத்தைத் திறந்தால் வீடியோ சத்தமில்லாமல் தானாக ஓடும். மூலையில் குறுக்குக் கோடு போட்ட சின்ன ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டால் சத்தம். கீழே ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தது. பாட்டுக்குத் தனியாக ஒரு பொத்தான் வைத்தேன்.

அன்றைக்கே பாரிசிலிருந்து மகன் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

"பாத்தனான் தங்கச்சி. அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு அப்பிடியே ஞாபகம் இருக்கு."

ஓம் அண்ணை என்றேன்.

உறவினர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். பக்கத்தின் அடியில் செய்திகள் வந்து குவிந்தன. இப்படி ஒரு தகப்பனின் வாழ்த்து யாருக்குக் கிடைக்கும் என்று ஒருவர் எழுதினார். அந்தக் கை எங்களையும் வாழ்த்துகிறது என்று இன்னொருவர். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. சத்தத்தை ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் பஸ்ஸிலோ வேலையிடத்திலோ வைத்துப் பார்த்திருப்பார்கள். வாயசைகிறது, கை நீள்கிறது, கீழே ஆசீர்வாதம் என்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பிறகு கனடாவிலிருந்து ஒரு மச்சான் எழுதினார். ஒரே ஒரு வரி: "வலை கிழிஞ்சதோ?"

கொஞ்ச நேரத்தில் பாரிசிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, வலை எண்டு உவன் என்ன எழுதியிருக்கிறான்? உவனுக்கு எப்பவும் பகிடிதான்."

"அந்த மூலையில ஸ்பீக்கர் மாதிரி ஒண்டு இருக்கு அண்ணை. அதைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டுவிட்டார். எனக்குப் போன் வழியாகவே கேட்டது: காற்று, பிறகு காலை எடடா, பிறகு படகு, பிறகு அந்தப் பெண் குரல். வீடியோ முடிந்ததும் தானாகத் திரும்பத் தொடங்கும்படி நான் வைத்திருந்தேன். அதனால் தகப்பன் மறுபடியும் ஏசினார். மகன் நிறுத்தவில்லை.

"ஆசீர்வாதம் எண்டு எழுதினதை எடுத்துவிடுங்கோ" என்றார் கடைசியில்.

"வேற என்ன எழுத அண்ணை?"

"ஒண்டும் வேண்டாம்." பிறகு, "அம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றார்.

"என்னத்தை?"

"படகு தள்ளினதை. நான் ஒவ்வொரு கிழமையும் எடுத்துக் கேக்கிறனான், சுகமோ எண்டு. சுகம் எண்டுவா."

பாட்டுப் பொத்தான் வேண்டாமா என்று கேட்டேன். பாட்டை எடுத்துவிட்டு, சத்தத்தைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கி, 'தொட்டுக் கேளுங்கோ' என்று எழுதச் சொன்னார். திரையில் பாதியை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிசாக்க ஏலாதோ என்று கேட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது முன் அறை முழுக்க ஆட்கள். மருமகன் முறையான ஒருவர் தன் போனை ரீவியோடு இணைத்துப் பக்கத்தைத் திறந்தார். என் பெரிய பொத்தான் ரீவியில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அவர் போனில் அதைத் தொட்டார். மறைந்தது. தகப்பன் வந்தார், வாயை அசைத்தார், கையை நீட்டினார். சத்தம் இல்லை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலை எடடா!" என்று குசினிக்குள்ளிருந்து கேட்டது.

காலையிலிருந்து குசினியில் கீதங்கள் போட்டுக்கொண்டிருந்த புளூடூத் ஸ்பீக்கரோடு அந்தப் போன் இன்னும் இணைந்தே இருந்தது. படம் முன் அறையில் ஓடியது, குரல் குசினியில் ஓடியது. இது என் வேலை அல்ல என்றாலும் என் வேலைதான் என்று எல்லோருடைய முகத்திலும் எழுதியிருந்தது. எழுந்து குசினிக்குப் போனேன்.

அம்மா நிலத்தில் பலகையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுற்றிவர நாலைந்து பெண்கள், எல்லோரும் கையில் வேலையோடு அப்படியே நின்றார்கள். ஸ்பீக்கர் அரிசிச் சாக்கின் மேல் இருந்தது. "நான் தள்ளுறன்" என்று அது சொல்ல, பெண்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

நான் ஸ்பீக்கரை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"விடு பிள்ளை" என்றார். "அங்க அவை படத்தைப் பாக்கட்டும். நாங்கள் இஞ்ச கேக்கிறம்."

திரும்பி வந்து, சரிசெய்ய முடியாது என்று முன் அறையில் சொன்னேன். மருமகன் நம்பவில்லை; ரீவியின் பின்பக்கத்தில் வயரைக் கழற்றிக் கழற்றிச் சொருகினார். யாரோ எனக்குச் சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் பாரிசிலிருந்து அழைத்து, வீடியோ ஓடினதோ, சத்தம் வந்ததோ என்று கேட்டார். வந்தது என்றேன்.

"எல்லாருக்கும் கேட்டதோ?"

"கேக்கவேண்டிய ஆளுக்குக் கேட்டது அண்ணை" என்று சொல்லிவிட்டு, சோற்றுக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் கொடுக்கக் குசினிக்கு எழுந்து போனேன்.