உருண்டை எழுத்தில் ஒரு சொற்பொழிவு

தென்காசி அச்சுக்கூடம் ஒன்றில் அந்த மரவெழுத்துகளைக் கண்டவுடனே எனக்கு அவற்றின்மேல் ஆசை உண்டாயிற்று. அவற்றில் கூர்முனை என்பதே கிடையாது. புள்ளிகள் நீர்க்குமிழிகளாக உப்பியிருந்தன. 'ஞ' வயிறு பருத்து உட்கார்ந்திருந்தது. 'லை' தன் துதிக்கையைச் சுருட்டித் தூக்கியிருந்தது. எழுத்துக்கு இத்தனை விளையாட்டுக் கூடுமா என்று வியந்தேன்.

அந்த ஆண்டுச் சாரல் காலத்தில், குற்றாலத்துச் சத்திர மண்டபமொன்றில், பழம்பாடல்களின் ஓசைநயம் பற்றி நான் சொற்பொழிவாற்ற ஏற்பாடாகியிருந்தது. முந்தைய ஆண்டு வெறும் பாய்களுக்கு முன்னால் பேசிய நினைவு என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே துண்டறிக்கையின் தலைப்பை அவ்வெழுத்திலேயே கோக்கும்படி கேட்டேன்.

"நல்ல காரியம், அய்யா! இந்த எழுத்தப் போட்டாக் கூட்டம் நெரியும். வாசிக்கத் தெரியாதவனும் வந்துருவாம்லா" என்றார் அச்சுக்கூடக்காரர்.

எழுத்தின் அழகுக்கு அவர் சொன்ன பாராட்டாகவே அதனைக் கொண்டேன்.

குறித்த மாலையில் மண்டபம் நிறைந்து வழிந்தது. ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடும், தோளில் குழந்தைகளோடும் வந்திருந்தார்கள். ஆய்க்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பமொன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தது. நான் முதற்பாடலை இசையோடு நீட்டிச் சொல்லி, அடியின் முடிவில் சற்றே நிறுத்தினேன். சிரிப்பொலி எழுந்தது.

"ஏட்டி, பபூன் எப்பம் வருவான்?" என்று முன்வரிசைப் பெண் தன் தங்கையைக் கேட்டாள்.

"அந்தா நிக்காருல்லா, அவருதான். குடுமியப் பாரேன்!"

அச்சுக்கூடக்காரர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அவ்வட்டாரத்து நாடகக்காரர்கள் தங்கள் அறிக்கைகளில் கோமாளியின் பெயரை மட்டும் அந்த எழுத்தில் அச்சிடுவது வழக்கம். எழுத்தறியாதவர்களும் அந்த உருண்டைகளைக் கண்டதுமே, இன்று கோமாளி உண்டு என்று தெரிந்துகொள்வார்கள். எனக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

உரிய இடத்தில் அது நல்ல எழுத்தே என்பதை இன்றும் சொல்வேன். கோமாளியின் பெயருக்கும், மிட்டாய்க் கடைப் பலகைக்கும், குழந்தைகளின் பாட்டுப் புத்தக மேலட்டைக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இரண்டொரு சொல், பெரிய அளவு, சுற்றிலும் வெற்றிடம். அதற்கு அவ்வளவே வேண்டும். என் நீண்ட தலைப்பிலோ சுழிகளிலெல்லாம் மை அடைத்து, வேகும்போதே ஒட்டிக்கொண்ட கொழுக்கட்டைகள்போல் எழுத்துகள் கிடந்தன.

கோமாளி எவரும் வரமாட்டார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மண்டபம் காலியாகிவிடும். ஆகவே அடுத்த பாடலைத் தொடங்கினேன். அதற்கும் சிரித்தார்கள். அதற்கடுத்த பாடலில், சிரிப்பு எழக்கூடிய இடம் எனக்கே தெரிந்துவிட்டது. அங்கே புருவத்தை உயர்த்தி, வேண்டுமென்றே காத்து நின்றேன். நான் கற்ற கல்வி அதுவரை எனக்குப் பெற்றுத்தராத ஆரவாரம் எழுந்தது. அது எனக்கு இனித்தது; அப்படி இனித்ததை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

மேடையைவிட்டு இறங்கியபோது அந்தப் பெண் எதிரே வந்து, "வயிறு வலிக்கச் சிரிக்க வச்சுட்டீக, அண்ணாச்சி. நாளைக்கும் உண்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்வதற்கு மாறாக, நான் மறுபடியும் புருவத்தை உயர்த்தினேன்.