கோலை விட்டு நகராதவள்

அலுவலகத்தில் ஒருநாள் தேநீர் நேரத்தில், கல்லூரியில் கால்பந்து ஆடியவள் நான் என்று சொல்லித் தொலைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. எங்கள் மேலதிகாரி, கிராமப் பள்ளிகளில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு சங்கத்தில் இருந்தார். அவரிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லாமல், அடுத்த சனிக்கிழமையே இரண்டு பந்துகளோடு, தலைநகரின் விளிம்பில் நஜஃப்கர் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில் போய் இறங்கினேன். அதோடு என் சனிக்கிழமைகள் போயின. கணவர் ராணுவத்தில், பதான்கோட்டில் இருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மூன்று வயதுச் சின்னவளைப் பத்து வயதுப் பெரியவள் பார்த்துக்கொண்டாள். பொறுப்பான பிள்ளை என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மைதானம் என்பது பள்ளிக்குப் பின்னால் கிடந்த கட்டாந்தரை. இரண்டு செங்கல் வைத்தால் கோல். முதல் மாதம் பந்து போன இடத்துக்கெல்லாம் அத்தனை பேரும் ஓடினார்கள். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. நாலாம் வகுப்புப் பெண், செங்கல்லுக்கு நடுவே நின்றால் நின்றதுதான். பின்னால் சாக்கை விரித்து, ஒன்றரை வயதுத் தங்கையை உட்காரவைத்திருப்பாள். இடத்தை விட்டு அசைகிறாளா பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தேன். பிறவி கோல்கீப்பர் என்றே நினைத்தேன்.

ஏப்ரலில் வெயில் ஏறியது. குழந்தையைத் தூக்கி, மைதானத்தின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். திரும்பிப் பார்த்தால் கோல் காலி. அவள் மரத்தடிக்கு வந்துவிட்டாள். நான் கத்திய கத்தலுக்குக் கொஞ்சம் பயந்து, பிறகு இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

“மேடம் ஜி, கோலை இங்க கொண்டுவந்து வெச்சுக்கலாமா?”

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு எங்கே ஆட ஆசை என்று கேட்டேன். எதிர்க் கோலைக் கையால் காட்டினாள்.

அன்றே அவள் அம்மாவைத் தேடிப் போனேன். கூலிக்குக் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளையை இப்படிக் கட்டிப்போடலாமா என்று என் அரைகுறை இந்தியில் பொரிந்து தள்ளினேன். அவள் அரிவாளைக் கீழே வைக்கவே இல்லை.

“சின்னத யாரு பாத்துக்கறது? நீங்க பாப்பீங்களா?”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் என் வாய்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு எங்கள் முதல் போட்டி. அவளை முன்வரிசையில் ஆடவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன். கடைசி நிமிடங்களில் பந்து அவள் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். ஒரு உதை போதும். அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் இருந்தது வீறிட்டது. அவள் பந்தை மிதித்து நிறுத்தித் திரும்பினாள். “மாரோ! மாரோ!” என்று உதைக்கச் சொல்லிக் கத்தினேன். அவள் பந்தை அங்கேயே போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து தங்கையை வாங்கிக்கொண்டாள். குழந்தை உடனே அடங்கியது. நாங்கள் தோற்றோம். என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள்.

பஸ்ஸில் வழி முழுக்க அந்த அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் பெரியவள் கதவைத் திறந்தாள். இடுப்பில் சின்னவள். பேட்மின்டன் வகுப்பில் சேர்த்துவிடு, சனிக்கிழமை மட்டும்தான் என்று குளிர்காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நீ கீழ போய் விளையாடு. இவள நான் பாத்துக்கறேன்.”

“அச்சா” என்று தலையாட்டிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலருகே போனேன். பூங்காவிலிருந்து பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மாடிப்படிக்குக் கீழேயே, மட்டையோடு, எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

“போயேன்டி!” என்றேன்.

“பாப்பா அழறாளாம்மா?”

இல்லை என்றேன். அப்படியும் அவள் நகரவில்லை.