செங்கோட்டையன் எடுத்த எல்.சி.

அந்தப் பெட்டியைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததும் செங்கோட்டையன் கேட்டார், "எல்.சி. எடுத்தாச்சுங்களா?"

பிசியோதெரபி பார்க்கும் மௌனிகா நிமிர்ந்தாள். "அப்படீன்னா என்னங்கப்பா?"

"லைன் கிளியர், அம்மணி. கம்பத்துல கை வெக்கறதுக்கு முன்னால சப்ஸ்டேஷன்ல சொல்லி, கரண்ட்ட நிறுத்தி, நிறுத்துனதுக்கு நேரம் போட்டு வாங்கறது. அது இல்லாம முப்பத்தி நாலு வருசத்துல ஒரு கம்பியத் தொட்டதில்ல. நீ என்னடான்னா என்ற கால்லயே கரண்ட் உடறேங்கறே."

பக்கத்துக் கட்டிலில் உமர் பாரூக் சிரித்தார். கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நான்கு வருடமாக டயாலிசிஸ். அந்த வார்டில் அவர்தான் சீனியர்.

"லைன்மேன், இதுல ஷாக் அடிக்காது. சும்மா எறும்பு ஊர்ற மாதிரி."

"பாய், எறும்புனு நெனச்சுத் தொட்டவனை எல்லாம் நாந்தான் எறக்கியிருக்கேன்."

செங்கோட்டையன் சோமனூர்க்காரர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரத்தை உடம்புக்குள் விடாமல் இருப்பது ஒன்றுதான் அவர் கற்ற வித்தை. அதைச் செய்ததற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் பென்ஷன். பணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விரலோடு ஓய்வு பெற்றார்கள் என்று அவரிடம் கணக்கு இருந்தது. பத்து விரலோடு ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் சால்வை போர்த்தினார்கள். ஆறே மாதத்தில் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தை முடித்துவைத்தன. அதற்கு யாரிடம் எல்.சி. கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. கோவையில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் தரைத்தளத்தில் எட்டுக் கட்டில். இடது கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும். அப்படிப் படுத்தே கிடந்ததில் கால்கள் வற்றிவிட்டன. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "கரண்ட் வெச்சா கிட்னி திரும்ப வேலை செய்யும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது தொடைச் சதைக்கு. நீங்க படுத்திருக்கற நேரத்துல அது உங்களுக்குப் பதிலா உடற்பயிற்சி செய்யும். பன்னெண்டு வாரம் பாப்போம். சில பேருக்குப் பலம் வருது, சில பேருக்கு வர்றதில்ல. எவ்வளவுன்னுதான் நாங்களும் பாத்துட்டிருக்கோம்."

செங்கோட்டையனுக்கு வேண்டியது ஒன்றுதான். நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிட வேண்டும்.

ஏனென்றால் அவரை எழுப்புவது மனைவி காளியாத்தாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. எதிரே நின்று குனிவாள். அவர் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்வாள். அவர் இடுப்பை இறுகக் கட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்குவாள். இது பெரும்பாலும் வாசலில் நடந்தது, எதிர்த் தறிக்குடோன் ஆட்கள் எல்லோரும் பார்க்க. எதிர்வீட்டுப் பொற்கொடி ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள்.

"ஏனுங்க்கா, கல்யாணமான புதுசுல கூட நீங்க ரெண்டு பேரும் இப்படி நின்னு நாங்க பாக்கலியே?"

"அப்ப இந்த மனுசன் கம்பத்தைத்தாண்டி கட்டிப்புடிச்சுட்டு இருந்தாரு," என்றாள் காளியாத்தாள். சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். இப்போது அவளை எழுப்ப யாரும் இல்லை. பொற்கொடிதான் எழுப்பினாள்.

ஆவணியில் தொண்டாமுத்தூரில் காளியாத்தாளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள். இரண்டு வருடமாக அவள் பிறந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. மகன் கவின் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். லீவு போட்டு வந்து இருப்பதாகச் சொன்னான். ஒத்திகை பார்த்தார்கள். தூக்கிய வேகத்தில் அப்பனும் மகனும் சேர்ந்து பெஞ்சின் மேல் சாய்ந்தார்கள்.

"நான் போவுல," என்றாள் காளியாத்தாள். "கல்யாணம் நானில்லாமயும் நடக்கும். நீங்க நானில்லாம எந்திரிக்க மாட்டீங்க."

அது செங்கோட்டையனுக்குள் குத்தியது. அதனால்தான் பெட்டிக்குச் சம்மதித்தார், ஆனால் முறைப்படி.

மௌனிகா ஒரு ரோஸ் நிற நோட்டு கொண்டுவந்தாள். செங்கோட்டையன் சொல்லச் சொல்லக் கோடு போட்டாள். பெயர், எல்.சி. எடுத்த நேரம், வேலை, திருப்பித் தந்த நேரம், கையெழுத்து. முறை இதுதான்: பெட்டி அணைந்திருப்பதாக அவள் சொல்வாள். அவர் எல்.சி. எடுப்பார். தொடையில் நான்கு பட்டைகளை ஒட்டுவாள். ஒட்டியதை அவர் கண்ணால் பார்த்து, ஆள், சாமான் எல்லாம் லைனை விட்டு விலகிவிட்டதாக அறிவித்து, எல்.சி.யைத் திருப்பித் தருவார். அதன் பிறகே ஸ்விட்ச்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ கண்ணு. எடுத்தவந்தான் திருப்பித் தரோணும். அப்பன் எடுத்ததை மகன் தரக்கூடாது. கலெக்டரே வந்து கேட்டாலும் நீ லைனை சார்ஜ் பண்ணக்கூடாது."

இதற்கு அவர் வீட்டிலேயே சாட்சி உண்டு. கவின் பிறந்த அன்று செங்கோட்டையன் கருமத்தம்பட்டிப் பக்கம் கம்பத்தில் இருந்தார். பிரசவச் செய்தி வந்ததும் இறங்கி, சைக்கிளை எடுத்து ஓடிவிட்டார். எல்.சி. அவர் பெயரில் இருந்தது. நான்கு ஊர்த் தறிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றன. ஆபரேட்டர் ஐயாசாமியைச் சுற்றி நூறு பேர் நின்று திட்டினார்கள். அவர் அசையவில்லை. செங்கோட்டையன் சர்க்கரைப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, "பையனுங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைன் வந்தது. கவினைப் பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் ஷட்டவுன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பெட்டி பத்து நொடி பிடிக்கும், இருபது நொடி விடும். பிடிக்கும்போது தொடை தானாகக் கல்லாகி, முழங்கால் படுக்கையிலிருந்து எழும்பும். தன் கால் தன்னைக் கேட்காமல் வேலை செய்வதைச் செங்கோட்டையன் மேலதிகாரியைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊரில் பேச்சு வேறு விதமாகப் போனது. கிட்னிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்றார்கள். சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று ஒரு தறிக்காரர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். "தறிக்குக் குடுக்கற இலவச யூனிட்டுல இதையும் சேர்ப்பாங்களா?" என்று இன்னொருவர் கேட்டார். காளியாத்தாள் சில நாள் அவரை ஈரக் கையால் தொடவில்லை.

வார்டில் நோட்டு பரவியது. முதலில் உமர் பாரூக் கேலிக்காகக் கையெழுத்துப் போட்டார். "வேலை" என்ற கட்டத்தில் "தொடை" என்று எழுதினார். மறுவாரம் எட்டுக் கட்டிலும், இருந்த ஒரே பெட்டிக்கு முறை வைத்து, எல்.சி. எடுத்தன. அந்த நேரம் பார்த்துத் தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு ஒன்று மருத்துவமனையைப் பார்க்க வந்தது. நோட்டைப் புரட்டியது. வேறு எந்த மருத்துவமனையிலும் இப்படி ஒரு பாதுகாப்பு நடைமுறையைக் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தது. பத்து நாளில் சுவரில் பிளாஸ்டிக் உறையிட்ட அறிவிப்பு தொங்கியது: எல்.சி. எடுத்த நோயாளியே நேரில் திருப்பித் தர வேண்டும். தவறினால் கருவியை இயக்கக் கூடாது. கீழே நிர்வாகத்தின் முத்திரை.

"லைன்மேன், ரிட்டயர்டு ஆகியும் சர்வீஸ்லதான் இருக்கீங்க," என்றார் பாரூக்.

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை. கல்யாணத்துக்குப் போக வேண்டிய வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. செங்கோட்டையன் எல்.சி. எடுத்தார். மௌனிகா பட்டைகளை ஒட்டினாள். அவர் குனிந்து பார்த்து, "ஆள், சாமான்..." என்று ஆரம்பித்தார். பிரஷர் இறங்கிவிட்டது. கண் சொருகியது. நர்ஸ் பிரவீனா ஓடிவந்து காலை உயர்த்தி, சலைன் ஏற்றி, பட்டைகளைப் பிய்த்துப்போட்டு, கட்டிலோடு மாடியில் கண்காணிப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

எல்.சி. அவர் பெயரிலேயே நின்றது.

வியாழன் காலை உமர் பாரூக் தொடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். மௌனிகா பெட்டியைத் தொடவில்லை.

"போடுங்கம்மா. ஆளுதான் மேல போயாச்சே."

"எப்படிப் போடறதுங்க பாய்? திருப்பித் தரலியே."

பிரவீனா நிர்வாக அறைக்குப் போன் போட்டாள். அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யும்படி பதில் வந்தது. சான்றிதழ்க் குழு மறுபடி வரப்போகிறதாம். எட்டுக் கட்டிலில் பதினாறு தொடைகள் சும்மா கிடந்தன.

மௌனிகா மாடிக்கு ஓடினாள். செங்கோட்டையன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். கீழே அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்து, அவர் டயாலிசிஸை அன்று மதியத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

"அப்பா, நோட்டைக் கொண்டாந்திருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் அவளை ஏமாற்றத்தோடு பார்த்தார். "லைனைப் பாக்காம எப்படி கண்ணு? யாரு மேல பட்டை ஒட்டிக் கெடக்குதோ. நான் வந்து பாக்கோணும்."

"சரி, இருங்க. சக்கர நாற்காலிக்குச் சொல்றேன். லிப்டுல போயிரலாம்."

"லிப்ட் ஓடாது. இன்னிக்கு இந்த ஏரியாவுக்குப் பராமரிப்பு ஷட்டவுன். ஒம்பதுல இருந்து நாலு. முந்தாநேத்துப் பேப்பர்லயே போட்டுட்டான்."

அவர் சொல்லி முடிக்கவும் மின்விசிறி நின்றது. ஜெனரேட்டர் உறுமியது. அது டயாலிசிஸ் வார்டுக்கு மட்டும். மௌனிகா ஆள் கூட்டிவரக் கீழே ஓடினாள். காளியாத்தாள் கேன்டீனில் இட்லி வாங்கப் போயிருந்தாள்.

செங்கோட்டையன் தனியாக இருந்தார். கீழே எட்டுப் பேர் லைன் இல்லாமல் கிடந்தார்கள். அவர் பெயரால்.

கைகளை நாற்காலியில் ஊன்றினார். மனதுக்குள் பத்து எண்ணியபடி தொடையை இறுக்கினார். கொஞ்சம் எழும்பி, விழுந்தார். இருபது எண்ணினார். மறுபடி பத்து. மறுபடி இருபது. நான்காவது பத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்த கம்பம் தன் உயரத்துக்கு வந்ததைப் பார்த்தார். எழுந்து நிற்கிறோம் என்பது கம்பத்தை வைத்துத்தான் தெரிந்தது. அதில் ஒருவன் ஏறி வேலை செய்துகொண்டிருந்தான். கையுறை போட்டிருந்தான். சரி.

படி இருபத்திரண்டு. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினார். எதிரே இரண்டு வார்டுபாய்களோடு வந்த மௌனிகா பாதிப் படியில் நின்றுவிட்டாள். "தொடாதீங்க," என்றார். அவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். பிறகு பின்னாலேயே கை நீட்டியபடி இறங்கினார்கள்.

வார்டில் பதினாறு தொடைகளையும் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஸ்விட்சைப் பார்த்தார். "ஆள், சாமான் எல்லாம் வெலகியாச்சு. எல்.சி. ரிட்டன்," என்று கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதினார்: 9.25. பாரூக்கின் முழங்கால் எழும்பியது.

அப்போது மாடியிலிருந்து காளியாத்தாளின் அலறல் கேட்டது. காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறாள். இட்லிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள்.

"யாரு தூக்கியுட்டா?"

எல்லோரும் செங்கோட்டையனைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, யாரு தூக்கியுட்டாங்கன்னு கேக்கறேன்."

"பத்து நொடி, இருபது நொடி," என்றார் செங்கோட்டையன்.

அவள் நம்பவில்லை. பிரவீனாவின் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொன்னாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். முதல் இரண்டு தடவை விழுந்தார். மூன்றாவது தடவை, முகம் கறுத்து, எழுந்தார். பாரூக் படுத்தபடியே கை தட்டினார். ஊசி குத்திய கையென்று பிரவீனா அதட்டினாள்.

 காளியாத்தாள் மௌனிகாவிடமிருந்து ரோஸ் நோட்டை வாங்கினாள். இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பெயர் எழுதினாள். வேலை: கல்யாணம்.

"எல்.சி. எடுத்துட்டேன். நான் திரும்பி வந்து நானே திருப்பித் தார வரைக்கும் இவரை ஒருத்தரும் தூக்கக்கூடாது. தூக்கிப் பழக்கிப்போட்டா மறுக்கா என்ற இடுப்புத்தான் போவும்."

"விழுந்துட்டா?" என்றாள் பிரவீனா.

"உழுந்தா எடுக்கலாமுங்க. எந்திரிக்கறதுக்குத்தான் எடுக்கக் கூடாது."

செங்கோட்டையன் நோட்டை வாங்கிச் சரிபார்த்தார். நேரம் விட்டுப்போயிருந்தது. எழுதச் சொன்னார்.

சனிக்கிழமை விடிந்ததும் சோமனூர் வீட்டு வாசலில், டயாலிசிசுக்குப் போகக் கார் நின்றிருந்தது. தொண்டாமுத்தூரில் அந்நேரம் பந்தலில் மேளம் ஆரம்பித்திருக்கும். செங்கோட்டையன் பத்து எண்ணி, விழுந்து, இருபது எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை. கவின் பொறுக்க முடியாமல் அக்குளுக்குக் கீழே கை கொடுத்தான்.

"கையை எடுடா. உங்கம்மா எல்.சி.ல இருக்கா."

"அப்பா, டிரைவர் ஆரன் அடிக்கறாருங்க."

"அடிக்கட்டும். நீ பொறந்தன்னைக்கு நாலு ஊரே அடிச்சுது."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பொற்கொடி குடோன் வாசலில் வந்து நின்று, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.