ஆணி இல்லாத பலகை

குற்றாலத்தில் சாரல் பிடித்தால் தென்காசியில் எங்கள் குளம் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகால் சரிவில் பாயும். நானும் அண்ணனும் முருக்கமரப் பலகையில் குப்புறப் படுத்து அந்தத் தண்ணீரோடு சறுக்கி இறங்குவோம். கீழே மோதியதும் பலகை நடுவில் முறிந்துவிடும். முறியாமலிருக்க அண்ணன் குறுக்கே சட்டம் வைத்து ஆணி அடித்தான். ஆணி இறங்கிய இடத்திலேயே இரண்டு பலகைகள் முறிந்தன.

மூன்றாவது பலகையில் நான் மூங்கிலைப் பிளந்தெடுத்த பிளாச்சுகளை நீளவாக்கில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

“ஆணி அடிக்காம நிக்குமாட்டி? ஒனக்கு என்ன தெரியும்?” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் பலகையோடு நானே பாய்ந்தேன். மோதிய வேகத்தில் மூங்கில் வளைந்தது, பிறகு நிமிர்ந்தது. முழுப் பலகையோடு கரையேறினேன்.

“ஏட்டி, ஒரே ஒரு தடவ தா” என்று அண்ணன் கெஞ்சினான்.

“இதுல ஒரு ஆணிகூட இல்லியேண்ணே, பரவாயில்லையா?” என்றேன்.