நன்றி எழுதாத கடிதம்

ஸ்விஷ்தோவ் ஊர்த் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பிறருடைய கடிதங்களை ஊர்வாரியாக அடுக்கிய வெலிச்கா, அறுபது வயதில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டாள். எல்லாம் மகன் சொன்னதற்காக. கிராசிமிர் இங்கிலாந்தில் ஒரு ஸ்ட்ராபெரி பண்ணையில் வேலை பார்த்தான்.

"நாலு வார்த்தை இங்கிலீஷ் கத்துக்கிட்டு இங்க வாம்மா. நான் வேலைக்குப் போயிட்டா, கடையில ரொட்டியாவது நீயே கேட்டு வாங்கணும்ல" என்று போனில் சொன்னான். அவள் வாசகசாலையில் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

ஆசிரியை ரலிட்சாவுக்கு மகன் வயதுகூட இல்லை. முறையான பதில் கடிதம் எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுத்தாள். முதல் வரியில், வந்த கடிதத்துக்கு நன்றி. அப்புறம் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில். பாடப்புத்தகத்தில் இருந்ததோ ஒரே ஒரு மாதிரி: ஆறிப்போன சூப்பைப் பற்றி ஓட்டல் மேனேஜரோடு நடக்கும் கடிதச் சண்டை. ஜென்மத்தில் ஓட்டலில் தங்காத வெலிச்கா, அந்த மேனேஜருக்கு ஏழு தடவை எழுதினாள்.

"அந்த ஆளை விட்டுடு வெலிச்கா. உன் சூப்பால அவன் வேலையே போயிடப் போகுது" என்பார் பக்கத்து பெஞ்சு பெட்கோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

மார்ச்சில் கிராசிமிர் நிமோனியாவில் இறந்துபோனான். பெட்டியில் வந்தான். புதைத்து மூன்று வாரம் கழித்து, அவன் கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஹேசல் என்ற நர்ஸ் எழுதிய கடிதம் வந்தது. கடைசியில் தான்தான் பக்கத்தில் இருந்ததாகவும், அவன் தண்ணீர் குடித்துவிட்டு அவன் மொழியில் ஏதோ சொன்னதாகவும் எழுதியிருந்தாள். 'எனக்குப் புரியவில்லை. காதில் விழுந்தபடியே ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.'

வேண்டுமானாலா? வெலிச்காவுக்கு உலகத்தில் வேறெதுவுமே வேண்டியிருக்கவில்லை.

ரலிட்சா வகுப்பிலேயே உட்கார்ந்து பதிலுக்கு ஒரு வரைவு எழுதிக் கொடுத்தாள். வெலிச்கா முதல் வரியிலேயே விரலை வைத்து நின்றுவிட்டாள்.

"என்ன டீச்சர் இது, நன்றின்னு போட்டிருக்கீங்க?"

"முதல் வரி அதானேம்மா. அவங்க ஊர் மரியாதை அது."

"செத்தவன் காரியத்துக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா? கல்லறையில திவசக் கோதுமை வாங்கித் தின்கிறவன்கூட, செத்தவனைக் கடவுள் மன்னிக்கட்டும்னுதானே சொல்றான். நான் பெத்தவ. நன்றின்னா எதுக்கு நன்றி?"

"அவங்களுக்கு அது தெரியாதும்மா. இப்படியே அனுப்பிடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள், வீட்டில் வேறு தாளில் தானாக எழுதினாள். பிடிவாதத்தில் அவள் கழுதையை ஜெயித்தவள். 'கடவுள் மன்னிக்கட்டும். என் மகனுக்கு நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். பக்கத்தில் இருந்தீர்கள்.' கடைசி வரிக்கு மேனேஜர் கடிதம் கைகொடுத்தது: 'தாமதமின்றி உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.' தாளைக் கேட்டும் எழுதினாள். பயபக்தியோடு ஒட்டி அனுப்பினாள்.

பதில் ஹேசலிடமிருந்து வரவில்லை. ஆஸ்பத்திரியின் புகார்ப் பிரிவிலிருந்து வந்தது. மகனின் சிகிச்சை குறித்து நீங்கள் கொண்டுள்ள வருத்தம் பதிவு செய்யப்பட்டது, விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்ட நர்ஸ் உங்களுக்கு எழுத அனுமதி இல்லை.

ரலிட்சா இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க என்னம்மா எழுதினீங்க?"

வெலிச்கா சொன்னாள். ரலிட்சா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடவுள் மன்னிக்கட்டும்னு எழுதினா, அந்தப் பொண்ணை நான் குத்தம் சொன்னேன்னா நினைச்சாங்க? தண்ணி கொடுத்தவளையா?" வெலிச்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். எனக்குப் புகார் எதுவுமில்லை, அந்தத் தாள் மட்டும் போதும். முதல் வரியில் நன்றி. மகன் செத்ததற்கு நன்றி சொன்ன தாய் ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று வெலிச்கா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் எழுதினாள்.

ஆறாம் மாதத் திவசத்துக்குக் கோதுமை வேகவைத்து, வகுப்புக்கும் குவளைகளில் கொண்டுவந்தாள். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று பெட்கோ வாங்கிக்கொண்டார். ரலிட்சாவும் அதையே சொன்னாள். அப்புறம் வெலிச்கா, காலையில் வந்த கடிதத்தை எடுத்து வைத்தாள்.

'தங்கள் கடிதத்துக்கு நன்றி. விசாரணை முடிக்கப்பட்டது. குறிப்பிட்ட நர்ஸ் மே மாதம் பணியிலிருந்து விலகிவிட்டார். அவரது முகவரியைத் தர இயலாது. நீங்கள் கேட்கும் தாள் கோப்பில் இல்லை.'

"இந்தக் கடிதத்துல தப்பு எதுவும் இல்லையே டீச்சர்?"

"இல்லம்மா."

"நன்றி போட்டு, கேட்டதுக்கெல்லாம் வரிசையா சொல்லியிருக்காங்க." வெலிச்கா கடிதத்தை மடித்தாள். "இன்னொண்ணு எழுதலாமா?"

"யாருக்கும்மா?"

வெலிச்கா மடித்த கடிதத்தை உறைக்குள் போட்டாள். முகவரி இல்லாத உறைகளை முப்பத்தொரு வருஷம் ஒரு தனிப் பெட்டியில் போட்டவள் அவள். அந்தப் பெட்டியைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை.