கிணற்றுக்குள் அடுக்கிய ஒயின்

பசுவந்தனை பூவனலிங்கம் சரக்குக் கப்பலில் கேப்டன் மேஜைக்குப் பரிமாறிப் பிழைத்தவர். கப்பல் ஒருமுறை பிரான்சில் நின்றபோது, விடுப்பு நாளில் பஸ் பிடித்து ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனார். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் சிவப்பு ஒயின் செய்யும் தோட்டம். அந்த வட்டாரத்தில் அவர்கள் பேருக்குத் தனி மரியாதை. ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று வாசலில் நின்றவரை, வீட்டுக்கார அம்மாள் உள்ளே கூட்டிப்போய்த் தங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தாள். யார் யாருக்கோ ஊற்றிக் கொடுத்தே காலம் கழித்த மனுஷன் அன்றைக்குத்தான் இன்னொருவர் ஊற்றித் தரக் குடித்தார்.

அதிலிருந்து கப்பல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதே தோட்டத்துக்குப் போய் ஒன்றிரண்டு பாட்டில் வாங்கிவருவார். குடிப்பதற்கில்லை.

"இது குளிர்ச்சியில படுத்துக் கெடந்து முதிரணும், முத்து. அவசரப்படக் கூடாது" என்பார் மனைவி முத்துச்செல்வியிடம்.

கரிசல் வெயிலுக்கு வீட்டில் எந்த மூலையும் தாங்காது. அவருடைய தோட்டத்தில் வற்றிக் கிடந்த கிணற்றில், பாதி ஆழத்தில் மோட்டார் வைக்கப் பாறையைக் குடைந்த ஓர் அறை இருந்தது. அங்கே மணல் பரப்பிப் பாட்டில்களைப் படுக்கவைத்தார். பார்வை மங்கிக் கப்பல் வேலை போயிற்று. இனித் தேறாது என்று கோவில்பட்டி கண் டாக்டரும் கைவிரித்தார். அப்புறம் அவருக்கென்று மிஞ்சியது அந்த அறைதான். தினமும் ஏணியில் இறங்கித் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

வருஷக்கணக்காக ஏமாற்றிய மழை 2004 ஐப்பசியில் கொட்டியது. ஊரே விதைப்புக்குப் பரபரத்தது. பூவனலிங்கம் கிணற்றுக்கு ஓடினார். ஓடைத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"இறங்காதீங்க! கரை ஊறிப் போச்சு, சரியப் போவுது!" முத்துச்செல்வி கத்திக்கொண்டே பின்னால் வந்தாள்.

"கயித்துல சாக்கைக் கட்டி விடு. எடுத்துட்டு வந்துருதேன்."

அறைக்குள் முழங்கால் அளவு சேறு. கண் தெரியாமல் கையால் துழாவினார். லேபிள்கள் ஊறி விரலோடு வந்தன. மூன்று பாட்டில்தான் கிடைத்தது. மேலிருந்து மண்கட்டிகள் தோளில் விழுந்தன. அவர் இன்னும் துழாவினார்.

"உங்க கால்ல விழுதேன், ஏறி வந்துருங்க! எனக்கு வேற யாரு இருக்கா?"

அந்த அழுகுரலுக்குத்தான் ஏறினார். அவர் கரையேறி நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு பக்கக் கரை அப்படியே இறங்கியது. ஏணியும் அறையும் மண்ணுக்குள் போயின. பூவனலிங்கம் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாட்டிலைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனதுமே முகம் செத்துவிட்டது. காடிப் புளிப்பு. அடுத்ததும் அப்படியே.

"இன்னைக்குப் போகல, முத்து. என்னைக்கோ போயிருக்கு. நம்ம ஊரு வெக்கை பாறைக்குள்ளயும் எறங்கியிருக்கு. கிணத்துக் குளிர்ச்சி எனக்குத்தான் காணும், இதுக்குப் பத்தல."

முத்துச்செல்வி மூன்றாவது பாட்டிலை எடுத்தாள். அவர் பாய்ந்து பிடுங்கினார்.

"இதாவது நல்லா இருக்கும்லா?" என்றாள் அவள்.

"இருக்கும். திறக்காத மட்டும் இருக்கும்" என்றவர், அதை மடியில் கிடத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியே மழை விட்டபாடில்லை.