வெயிலுக்கு ஏன் மடங்கிய வாசல்?

எனக்கு வாய் நீளம். "உன்ர வாய்தான் உன்னைக் கெடுக்கும்" என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார். என்னைக் கெடுக்கவில்லை. அண்ணாவைத்தான் கெடுத்தது.

யுத்தத்தின் கடைசி வருடங்கள். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நானும் அண்ணாவும் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருந்தோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் படம் செய்பவள்; சேலைக்கடைகளுக்காக நாள் முழுக்கச் சிரிக்கும் பெண்களை வெட்டி ஒட்டுவேன். அண்ணா வடக்கிலிருந்து வந்து, அங்கிருந்து வருகிற எல்லாரையும்போலப் பொலிஸில் பெயரைப் பதிந்துவிட்டு, கனடா விசாவுக்குக் காத்திருந்தார். தெருவில் இறங்கப் பயம். காத்திருப்பதே அவருக்கு வேலை.

இன்டர்நெட்டில் ஒரு வெளிநாட்டுப் போட்டியைக் கண்டேன். பூமி சூடாகி வெளியில் நடமாட முடியாத காலத்தில், நிலத்துக்குக் கீழே எப்படி வாழ்வோம் என்று படம் செய்ய வேண்டும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெள்ளவத்தையையே எடுத்துக்கொண்டேன். கடல் ரயில் பாதையை விழுங்கிவிட்டது. எந்நேரமும் வாகனம் நெரிக்கும் காலி வீதியில் ஒரு காக்கை இல்லை. கீழே மூன்று தட்டில் வீடுகள், விளக்கில் வளரும் கீரைப் பாத்திகள், துணி காயும் கொடிகள், ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள்.

ஆபீஸில் பெரிதாக ஒரு பிரின்ட் எடுத்து வந்து மேசையில் விரித்தேன். அண்ணா குனிந்து கனநேரம் பார்த்தார்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. வாசலை ஏன் நேரா வைச்சனீ?"

"நேரா வைச்சா என்ன?"

"வெளியில ஷெல் விழுந்தா சிதறுற பீஸ் நேரா உள்ளுக்க வருமெல்லே. மடங்கிப் போகோணும்."

"ஐயோ அண்ணா, இது ஷெல்லுக்கு இல்லை, வெயிலுக்கு!" விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் வாசலை 'ட' எழுத்துப் போல மடக்கிக் கீறி, பக்கத்தில் எத்தனை அடி என்றும் எழுதினார். ஊரில் எங்கள் பின்வளவில் பங்கர் வெட்டியவர் அவர்தான். கொழும்புக்கு வந்ததிலிருந்து ஒன்றில் ஆசையாகக் கை வைத்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் கம்ப்யூட்டரிலும் அப்படியே மடக்கினேன்.

ஒரு ஞாயிறு காலை சுற்றிவளைப்பு; ஆமி வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. வழக்கம்போல ஊர்க் கடிதங்களையும் பழைய ஃபோட்டோக்களையும் ஒளித்தோம். படம் மேசையிலேயே கிடந்தது. அதை ஒளிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "இது என்ன நங்கி?" என்று, தங்கச்சியைக் கேட்பதுபோல, சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. போட்டி, வெயில், கடல் எல்லாம் அளந்தேன். தலையாட்டிக் கேட்டவர், விரலை வாசலில் வைத்தார்.

"வெயிலுக்கு ஏன் வாசலை மடக்க வேண்டும்?"

சும்மா வடிவுக்கு என்று சொல்லியிருக்கலாம். நான்தான் கீறினேன் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அண்ணாதான் சொல்லித் தந்தார். அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்" என்றேன்.

அண்ணா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன். "சாப்பாட்டை மூடி வை, வந்திடுவன்" என்று செருப்பைப் போட்டார். அண்ணாவோடு படத்தையும் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

பங்கர் வெட்டத் தெரிந்தவர் என்ற சந்தேகத்தில் அண்ணா ஏழு மாதம் உள்ளே. போட்டி அறிவித்தலைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு, புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு வழக்கறிஞருக்குப் பின்னால் அலைந்தேன். போட்டிக்குப் படம் அனுப்பவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வாசலை நேராக்கினேன். இந்தா பாருங்கோ, வெறும் வெயில்தான் என்று யாருக்கோ காட்டுவதுபோல.

வழக்கு ஒன்றும் போடாமலே விட்டார்கள். வந்த அண்ணா பாதி ஆளாக இருந்தார். இரண்டு கிழமை கழித்து, "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். ஆபீஸில் புதிதாக ஒரு பிரின்ட் எடுத்து வந்து விரித்தேன்.

"மடக்கை ஏன் எடுத்தனீ?"

"அதாலதானே உங்களைக் கொண்டுபோனவங்கள். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"அதை விடு. உள்ளுக்க பிள்ளையளை விட்டிருக்கிறாய். நேர் வாசல் எண்டா ஒண்டும் மிஞ்சாது."

மேசையில் இருந்த பென்சிலை எடுத்தார். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை, கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"நீயே மடக்கு" என்றார்.

மடக்கினேன்.